எட்டு முழத் தண்ணீர்

தூத்துக்குடி
7-6-1942

சீனித்தாய்க்கு,

ஏரலை விட்டு வந்து இன்றோடு பதினாலு நாள். அதற்குள் நான்கு காகிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்துவிடக் கூடாது என்று, வீட்டில் வைத்து எழுதாமல் சாப்பாட்டுக் கடை பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது.

சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பெட்டி படுக்கையோடு ஓடியபோது, உன்னையும் செல்லக்கனியையும் உன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். இரண்டு மாதமாகிறது, குண்டு ஒன்றும் விழவில்லை. கடைகள் பாதி திறந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு திரும்பிவிட்டார்கள். நீங்களும் வரலாம்.

உன் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து நடந்த அன்றைக்கு ஆற்றில் நடந்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளை படியில் வழுக்கிப் பள்ளத்துக்குள் போனாள். அவள் கை இரண்டு தடவை மேலே வந்தது. நான் இடுப்பளவு தண்ணீர் வரை போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்து பாய்ந்து தூக்கிவிட்டான். நாலு வயதுப் பிள்ளை, என் பிள்ளை, அவளை வேறொருத்தன் தூக்கினான். அவனைக் கையெடுத்துக் கும்பிடக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்காக உன் அண்ணன் நயினார் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் என்ன சொன்னான்? “பெத்த பிள்ளை முங்குதத வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கான். இவனை நம்பிக் கடக்கரையில குடியிருக்க என் தங்கச்சியை அனுப்புவேனாக்கும்?” அவன் வாய் எனக்குத் தெரியும், அது பெரிதில்லை. நீ அங்கேதான் இருந்தாய். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாய். “விடுங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதினாலு நாளும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வேலையை விட்டுவிட்டு அங்கேயே ஒரு கடை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். யுத்தச் சட்டப்படி துறைமுக வேலையை நினைத்தபடி விட முடியாதாம். விட்டால் ஜெயில் என்று ஆபீசில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆக, நான் இங்கேயேதான் கிடக்க வேண்டும். நீ வந்தால்தான் உண்டு.

சங்கரபாண்டியன்

*

ஏரல்
15-6-1942

அத்தான் அவர்களுக்கு, சீனித்தாய் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதம் கிடைத்து வீட்டில் எல்லோருக்கும் வாசிக்கப்பட்டது. நானும் செல்லக்கனியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எங்களைத் தூத்துக்குடிக்கு அனுப்புவது பற்றி அண்ணன் சொல்வது என்னவென்றால், கடலோரத்தில் பிள்ளையை வைத்துக் காப்பாற்றக்கூடிய தகப்பன் என்று தெரிந்தால் அனுப்பத் தடையில்லை. வருகிற தை அமாவாசைக்குக் கோயிலுக்கு ஊர்ப்பட்ட ஜனம் வரும். அன்றைக்குத் தாங்கள் அதே படித்துறையில் இறங்கி, அதே ஆட்கள் பார்க்க, அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் அன்றைக்கே வண்டி கட்டி அனுப்பி வைப்பார். இல்லையென்றால் இந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
சீனித்தாய்

*

ஏரல்
16-6-1942

அத்தான்,

நேற்று எழுதியது என் கைதான், ஆனால் வாய் அண்ணனுடையது. பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொன்னார். இந்த வீட்டுக்கு வருகிற காகிதம் எதுவானாலும் கூடத்தில் வைத்து உரக்க வாசிப்பது அப்பா காலத்து வழக்கம். உங்கள் கடிதத்தை மதினி வாசித்தாள். “தரையைப் பார்த்தாய்” என்ற இடம் வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடியும் தரையைத்தான் பார்த்தேன், வேறு எங்கே பார்க்க?

இனிமேல் எனக்கு எழுதுவதை ஆதிலக்ஷ்மி டீச்சர் விலாசத்துக்கு எழுதுங்கள். பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், அடுத்த தெருவில் இருக்கிறார். பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால் அண்ணன் தடுக்கமாட்டார். அந்தத் தெருவைத் தாண்டி எனக்கு அனுமதி இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, மறுபடியும் தாவணி போட்ட பிள்ளை மாதிரி ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு வாசல் தாண்டுகிறேன்.

நான் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, பேசவில்லை. நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? அந்த நிமிஷமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் திறந்ததும் “அப்பா எங்க?” என்று கேட்டாள். மானம் உங்களுக்கு, பிள்ளை எனக்கா?

அவள் இப்போதெல்லாம் குளிக்கமாட்டேன் என்கிறாள். தலையில் ஒரு செம்புத் தண்ணீர் விட்டால் தெருவே கூடும்படி அலறுகிறாள். ஈரத்துணியால் துடைத்து விடுகிறேன்.

அமாவாசைப் பேச்சை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுக்குக் கோபம் ஆறினால் தானே மறந்துவிடுவார். உங்களுக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

சீனித்தாய்

*

தூத்துக்குடி
9-8-1942

சீனித்தாய்,

மானம் உங்களுக்கு, பிள்ளை எனக்கா என்று கேட்டிருந்தாய். பதில் கிடைத்ததும் எழுதலாம் என்றிருந்தேன். ஏழு வாரமாகியும் பதில் கிடைக்கவில்லை. அதனால் வேறு ஒரு சங்கதி எழுதுகிறேன், சிரிக்காதே.

நான் நீச்சல் பழகுகிறேன்.

முப்பத்தாறு வயதில், தொந்தியும் தொப்பையுமாக, கோமணம் கட்டிக்கொண்டு, தினமும் காலை ஐந்து மணிக்குப் பழைய பாலத்துக்கு வடக்கே தோணிகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற இடத்தில் கடலுக்குள் இறங்குகிறேன். ஒன்பது மணிக்கு ஆபீஸ், பொழுது சாய்ந்தால் குண்டுக்குப் பயந்து விளக்கை அணைக்கிற இருட்டடிப்பு, ஆகவே காலையை விட்டால் நேரமில்லை. சொல்லித் தருகிறவன் கஸ்பார், எங்கள் ஆபீஸ் மோட்டார் லாஞ்சில் வேலை. என் வயதுதான் இருக்கும். முன்னே சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தான். ஆழத்தில் ஒரு காது போய்விட்டது, மறு காதும் அரைகுறை. காது கேட்காதவன் மெல்லப் பேசுவானா? “கால அடியும்வே! தவளையைப் பார்த்ததில்லையா!” என்று அவன் போடுகிற சத்தத்தில், நான் ரகசியமாய்ப் பழகுகிற சங்கதி முதல் நாளே துறைமுகம் பூராவும் தெரிந்துவிட்டது. இப்போது ஆபீசில் என் பெயர் தவளை.

மூன்றாம் நாள் பட்டாளக் காவல்காரன் வந்து, விடியுமுன் கடலில் நிற்கிறவன் ஜப்பான் ஒற்றனாகத்தான் இருக்க வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டான். கஸ்பார்தான் காப்பாற்றினான். “ஒற்றனா இருந்தா நீந்தத் தெரிஞ்சிருக்கும்லா? இந்த மனுசனைக் கொஞ்சம் பாரும் ஐயா” என்றான். காவல்காரன் என்னைக் கொஞ்சம் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

சிரித்தது போதும். பதினோரு வருஷமாகத் தோணியில் ஏறி, ஐந்து மைல் போய், கப்பலில் மூட்டை இறங்குவதைப் பார்த்து வருகிறேன். ஒரு நாள்கூடப் பலகையைப் பிடித்த கையை விட்டதில்லை. இது உனக்குத் தெரியாது. எங்கள் ஊர் செம்மணல் தேரிக்காடு. தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறு, அதுவும் அறுபதடி ஆழம், மேலே கைப்பிடிச் சுவர் கிடையாது. நான் எட்டிப் பார்க்கப் போய்விடுவேன் என்று அம்மா இடுப்பில் பனைநார்க் கயிற்றைக் கட்டி முருங்கை மரத்தில் முடிந்துவிட்டு வேலைக்குப் போவாள். ஐந்து வயது வரை அந்தக் கயிற்றோடுதான் இருந்தேன். இப்போது கஸ்பாரும் என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியைத் தோணியில் முடிந்திருக்கிறான். அது இல்லாமல் என்னால் ஓரடி போக முடியவில்லை. அது இருக்கும்போது மூச்சு முட்டுகிறது.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் செல்லக்கனியின் கை தெரிகிறது. தினமும் தெரிகிறது. உடனே எழுந்து நின்றுவிடுகிறேன். கஸ்பார் கத்துகிறான். மறுபடியும் முகத்தை வைக்கிறேன்.

தை அமாவாசைக்கு வருகிறேன் என்று உன் அண்ணனிடம் சொல்லாதே. சும்மா இரு.

சங்கரபாண்டியன்

*

ஏரல்
27-9-1942

அத்தான்,

ஊர்க் கலவரத்தில் தபால் நின்றுபோய், உங்கள் கடிதம் முந்தாநாள்தான் டீச்சர் கைக்கு வந்தது. சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். முடியவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். டீச்சர் பதறிப்போய் “என்னடியம்மா, அழறியா?” என்று கேட்டார். அதன் பிறகு முருங்கை மரத்துக் கயிறு வந்தது. டீச்சர் கேட்ட கேள்வி சரியாகிவிட்டது.

ஏழு வருஷத்தில் இதை என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா உங்களுக்கு? தண்ணீர் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். பயம் என்று தெரிந்திருந்தால் நானும் அன்றைக்குக் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருப்பேனோ என்னவோ.

உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியும். இந்த ஆற்றில்தான், ஏழு வயதில், காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு பழகினேன். அண்ணனைவிட வேகமாகப் போவேன், அவரே ஒப்புக்கொள்வார். பதின்மூன்று வயதில் பெரியவளாகிப் பந்தலில் உட்கார்ந்தேன். அன்றோடு சரி. பிறகு பெண்கள் படியில் கழுத்து நனையாமல் நாலு செம்பு ஊற்றிக்கொண்டு வருவதுதான். ஆற்றைப் பார்த்துக்கொண்டே பதின்மூன்று வருஷம்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். கஸ்பார் அண்ணாச்சி சொல்லித் தருவது கடலுக்குச் சரி. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும். ஆற்றுத் தண்ணீர் தூக்காது. கடலில் மிதந்த தைரியத்தில் ஆற்றில் இறங்குகிறவன் முதல் பத்தடியிலேயே உடம்பு கனத்துத் திகைத்துப்போவான். கடற்கரையிலிருந்து இங்கே பெண் எடுத்த இரண்டு மாப்பிள்ளைமாரை அப்படிப் பிணமாகத் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார்கள். இடுப்பு இறங்குவதுபோல இருந்தால் காலை இன்னும் சிறியதாக, வேகமாக அடிக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. இழுப்பு இருந்தால் எதிர்க்காமல் சாய்வாகப் போக வேண்டும். நல்ல தண்ணீரில் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்? வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வழியும் சொல்கிறேன். அண்ணனுக்குக் கோபம் ஆறவில்லை. தன் கடைக்குக் கருப்பட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தை அமாவாசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். இன்றைக்கு வேண்டாம்.

சீனித்தாய்

*

தூத்துக்குடி
22-11-1942

சீனித்தாய்,

நீ சொன்னது சரி. மழைக்கு மாப்பிள்ளையூரணிக் குளம் நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்பாரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடலில் இருநூறு கெஜம் நிற்காமல் போகிறவன், அங்கே இருபதடியில் கல்லாட்டம் இறங்கினேன். கஸ்பார் மயிரைப் பிடித்துத் தூக்கினான். வெளியே வந்து உட்கார்ந்து உன் கடிதத்தை அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். “உம்ம வீட்டம்மாவை வாத்தியாரா வையும்வே, நான் எதுக்கு?” என்றான். காலைச் சிறியதாக அடித்தேன். தலையைத் தூக்கவில்லை. மூன்றாம் தடவை குளத்தைத் தாண்டிவிட்டேன்.

கயிற்றை அவிழ்த்து ஒரு மாதமாகிறது. அவிழ்த்த அன்றைக்குப் பெரிய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன், அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நாலரை மணிக்கு முழிப்பு வருகிறது. மழை, வாடைக்காற்று, பற்கள் கிட்டுகின்றன. கண்ணாடி மாதிரி மிதக்கிற சொறிமீன் உரசி, முதுகெல்லாம் கொப்புளம். இன்றைக்கு வேண்டாம் என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே வேட்டியை மடிக்கிறேன். போகாமல் படுத்திருந்தால் அந்தப் படித்துறையும் நயினாரின் குரலும் வந்துவிடும். கடலை விட்டு ஏறினால் கஸ்பார் பெண்சாதி பிளாரன்ஸ் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி தருவாள். அதற்கப்புறம் ஆபீஸ், சாயங்காலம் பூட்டிய வீடு. செல்லக்கனியின் மரக்குதிரை நீ வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஒன்றிலிருந்து தப்பித்து இன்னொன்றுக்குள் போகிறேன், அவ்வளவுதான். கடலாவது கொஞ்ச நேரம் வேறு எதையும் நினைக்க விடுவதில்லை.

தை அமாவாசைக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்கும்போலிருக்கிறது. நயினாரிடம் இனி நீ சொல்லலாம். வருகிறேன் என்று சொல். அன்றைக்குப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வரட்டும்.

அந்த ‘இன்னொன்று’ என்ன?

சங்கரபாண்டியன்

*

ஏரல்
12-1-1943

அத்தான்,

பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாக்கில் டீச்சர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு ஆறு வாரம் ஆகியிருக்கிறது.

கார்த்திகையில் வெள்ளம் வந்து போயிற்று. படித்துறைக்கு முன்னால் பழைய பள்ளம் மூடி, புதிதாக இரண்டு பள்ளம் விழுந்திருக்கிறது. எது எங்கே என்று பேச்சிமுத்துக்கே தெரியவில்லை. அண்ணன் மதினி வீட்டு ஆட்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது எதற்காக ஆயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் ஆண்கள் படியில் நின்றீர்கள். நான் பெண்கள் படியில் நின்றேன். செல்லக்கனி விழுந்தது இரண்டுக்கும் நடுவில் இல்லை, என் பக்கத்தில். உங்களுக்கும் அவளுக்கும் இருபது முழமாவது இருக்கும். எனக்கும் அவளுக்கும் எட்டு முழம். அவள் கை இரண்டு தடவை மேலே வந்ததை நானும் பார்த்தேன். எனக்கு நீந்தத் தெரியும். நான் குதிக்கவில்லை.

பயத்தில் இல்லை. தண்ணீரைக் கண்டு எனக்கு ஒரு நாளும் பயம் இருந்ததில்லை. கரையில் மதினியின் அப்பாவும் தம்பிமாரும் நின்றார்கள். குதித்தால் சேலை விலகும், எழுந்து வரும்போது எல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடக்கும், இத்தனை ஆம்பிளைகள் முன்னால் எப்படி ஏறி வருவது என்றுதான் நினைத்தேன். பிள்ளை முங்கும்போது நான் அதை நினைத்தேன், அத்தான். முந்தானையை இழுத்துச் சொருகினேன், மறுபடியும் நினைத்தேன். அதற்குள் பேச்சிமுத்து எடுத்துவிட்டான்.

அதன் பிறகு அண்ணன் உங்களைப் பேச ஆரம்பித்தார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்தது உங்களுக்காக வெட்கப்பட்டு இல்லை. வாயைத் திறந்தால் என்னையும் கேட்டுவிடுவார்களோ என்றுதான்.

எட்டு மாதமாக நீங்கள் என் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள், கடலில் இறங்குகிறீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிவிட வேண்டும் என்று உட்காருவேன். நீங்கள் என்னை விட்டுவிட்டால் நான் இந்த வீட்டிலேயே கிடந்து சாக வேண்டியதுதான் என்று நினைத்துக் காகிதத்தை மடித்துவிடுவேன்.

வரவேண்டாம். ஆற்றில் இறங்க வேண்டாம்.

சீனித்தாய்

*

தூத்துக்குடி
16-1-1943

சீனித்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது.

ஒரு வார்த்தை கேட்டு ஜூன் மாதம் எழுதினேன். ஜனவரியில் தருகிறாய். இத்தனை மாதமும் நான் குடித்த உப்புத் தண்ணீர் எவ்வளவு, தெரியுமா உனக்கு? தவளை என்று கூப்பிட்ட ஒவ்வொருத்தனுக்கும் சிரித்துக் காட்டினேன். கண்ணை மூடினால் அந்தக் கை. உனக்கும் அதே கை தெரிந்திருக்கிறது, நீ வாயைத் திறக்கவில்லை. ‘காலைச் சிறியதாக அடியுங்கள்’ என்று எழுதும்போதாவது சொல்லியிருக்கலாம்.

நேற்றும் இன்றும் கடலுக்குப் போகவில்லை. இனி எழுதாதே.

சங்கரபாண்டியன்

*

தூத்துக்குடி
30-1-1943

சீனித்தாய்க்கு,

இதை டீச்சர் விலாசத்துக்கு அனுப்பவில்லை, வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உங்கள் வழக்கப்படி கூடத்தில் வைத்து உரக்க வாசிக்கட்டும். நயினாரும் கேட்கட்டும்.

தை அமாவாசைக்கு நான் வரவில்லை. லீவு கிடைத்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இப்போது நீந்தத் தெரியும். ஆற்றைத் தாண்டவும் முடியும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வரமாட்டேன். மைத்துனர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பயந்தான்கொள்ளி என்று ஊரில் சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்கு நான் பயந்தது நிஜம்.

நீந்திக் காட்டி என் பெண்சாதியை வாங்கிக்கொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. அப்படி வந்தால், நான் நீந்துவதைக் கரையில் நின்று பார்த்தவளாகத்தான் வருவாய். அது நம் இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

மூன்று நாள் கடலுக்குப் போகாமல் இருந்தேன். நாலாம் நாள் நாலரை மணிக்கு முழிப்பு வந்தது. யாருக்குக் காட்ட, எதற்குப் போக என்று கேட்டுக்கொண்டேன். வேட்டியை மடித்தேன். போனேன். முகத்தைத் தண்ணீரில் வைத்தபோது செல்லக்கனி கை தெரிந்தது, பக்கத்தில் நீயும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்மேல் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. இந்த முறை நான் எழுந்து நிற்கவில்லை.

வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. வருவதும் வராததும் உன் கையில்.

செல்லக்கனிக்கு அப்பாவின் முத்தம். மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் போனதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சங்கரபாண்டியன்

*

ஏரல், ஆதிலக்ஷ்மி டீச்சர் வீடு
5-2-1943

அத்தான்,

உங்கள் கடிதம் அமாவாசைக்கு முந்தின நாள் வந்தது. அண்ணன் அதைக் கூடத்தில் வாசிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேற்றுக் காலையில் படித்துறையில் சொந்தமெல்லாம் கூடி, கோயிலுக்கு வந்த ஜனமும் என்ன வேடிக்கை என்று நின்றபோது, மேல்படியில் ஏறி நின்று வாசித்தார். “பயந்தான்கொள்ளி என்று சொல்லிக்கொள்ளட்டும்” என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். “கேட்டியாளா உன் புருசன் லெச்சணத்த?” என்றார்.

“மிச்சத்தையும் வாசிங்கண்ணே” என்றேன். வாசிக்கவில்லை. நானே கையிலிருந்து வாங்கிக் கடைசிவரை வாசித்தேன், உரக்க. நம் வீட்டு வழக்கம்தானே.

பிறகு செல்லக்கனியை டீச்சரிடம் கொடுத்தேன். சேலையை வரிந்து கச்சம் கட்டினேன். மதினி “ஏளா, என்ன செய்யுதே?” என்று கையைப் பிடித்தாள். மதினி அப்பாவும் தம்பிமாரும் அதே இடத்தில்தான் நின்றார்கள். அவர்களைப் பார்த்துத்தான் சொன்னேன்:

“அன்னிக்குப் பிள்ளை விழுந்தது எனக்கு எட்டு முழத்துல. எனக்கு நீச்சல் தெரியும், அண்ணனுக்கும் அது தெரியும். நீங்க எல்லாரும் பார்ப்பியளேன்னு நான் குதிக்கல. அவுகளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னா உசுருபோற பயம். அந்தப் பயத்தோடயே இடுப்பு வரைக்கும் இறங்கினாக. நான் கால் விரலக்கூட நனைக்கல.”

சொல்லிவிட்டுக் குதித்தேன்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. பாதி தூரம் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அதற்குப் பிறகு கை ஓய்ந்துவிட்டது. பதின்மூன்று வருஷம் சும்மா போகுமா? காலைச் சிறியதாக அடித்தேன், தலையைத் தூக்கவில்லை. உங்களுக்கு எழுதியதெல்லாம் எனக்குத்தான் உதவிற்று. அக்கரை மணலில் முழங்கால் தட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கேயிருந்து பார்த்தால் இக்கரையில் எல்லோரும் சின்னதாகத் தெரிந்தார்கள். அண்ணன் கையை ஆட்டி ஏதோ கத்தினார். கேட்கவில்லை. யார் கூப்பிட்டாலும் எட்டாத இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். திரும்ப மனசே இல்லை. செல்லக்கனி டீச்சர் இடுப்பில் இருந்துகொண்டு கையை நீட்டினாள். அந்தக் கைக்காகத் திரும்பி வந்தேன்.

ஏறி வரும்போது எல்லாம் உடம்போடு ஒட்டித்தான் கிடந்தது. பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் அன்றைக்கு நின்றேனா என்று நினைத்ததும் ஆற்றாமல் அழுதேன்.

அண்ணன் வாசலில் வந்து சொல்லிவிட்டார், இனி அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாதாம். மதினி பின்வாசல் வழியாகத் துணிமூட்டையைக் கொடுத்து அனுப்பினாள். பேச்சிமுத்து அதை டீச்சர் வீட்டுக்குத் தூக்கி வந்தான். நீங்கள் விட்டுப்போன கும்பிடு ஒன்று பாக்கி இருந்ததல்லவா, அதை நானும் செல்லக்கனியுமாகச் செய்துவிட்டோம். அவன் கூச்சப்பட்டு ஓடிவிட்டான்.

நாளைக் காலை, கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் வருகிறோம். தபால் பையும் அதே பஸ்ஸில்தான் போகுமாம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்து நிற்போம். ஆனாலும் எழுதுகிறேன், நேரில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. கடிதம் வந்ததும் நான் அடுக்களையில் இருக்கும்போது தனியாக வாசித்துக்கொள்ளுங்கள். உரக்க வேண்டாம்.

கோபம் இன்னும் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். எனக்கும் உங்கள்மேல் கொஞ்சம் இருக்கிறது.

செல்லக்கனி நேற்று ராத்திரி தலையில் ஒரு செம்புத் தண்ணீர் விட ஒப்புக்கொண்டாள். ஒன்றே ஒன்று. கடலைக் கண்டால் என்ன செய்வாளோ தெரியாது. விடிகாலையில் நீங்கள் கடலுக்குப் புறப்படும்போது, தூங்குகிறோம் என்று பார்க்காமல் எங்களை எழுப்புங்கள். வருகிறோமோ இல்லையோ, எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சீனித்தாய்